தவமணியக்காவின்ரை வயலிலை கொட்டின சாம்பல்

விவசாயம் படிக்கிறது பெரிய வேலை இல்லை. படிச்சதைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு போய் ஒரு கமக்காரரிட்டை ஒப்புவிக்கிறதுதான் வேலை. இறுதி வருச ஆராய்ச்சி எண்டு ஊர் ஊரா அலைஞ்ச ஆக்கள் இதை வாசிச்சால் உங்களுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அலையாத ஆக்கள் கொஞ்சம் பொறுமையா இருங்கோ. எனக்குப் பொறுமை இல்லை எண்டது வளாகம் முழுக்கத் தெரியும், அதாலை உங்களிட்டைக் கேக்கிறன்.

சண்டைக் காலம், குண்டு செய்வினம் எண்டு அரசாங்கம் எங்கடை பக்கத்துக்கு யூரியாவைத் தடை செய்திட்டுது. கடையிலை உரப்பாக் எண்டால் வெறும் பாக்தான், மா போட்டு வைக்க. எங்கடை வகுப்பிலை முக்காவாசிப் பேர் யூரியா இருந்தால் அது செய்யலாம், இது செய்யலாம் எண்டு கன்ரீனிலை கதைச்சுக்கொண்டு இருந்தவை. எனக்கு விசர் வந்தது. இல்லாத சாமானைப் பற்றி எழுத நான் என்ன கதைப்புத்தகமோ எழுதிறன்? இருக்கிறது என்ன எண்டு பாத்தன். உமி இருந்தது.

நெல்லு, சிலிக்கன் எண்ட சத்தை மண்ணிலையிருந்து அள்ளி அள்ளிக் குடிக்கிற பயிர். குடிச்சதைத் தண்டிலையும் இலையிலையும் உமியிலையும் பூசி வைக்கும். அது காணுமான அளவு, போதுமான அளவு இருந்தால் தண்டு நிமிந்து நிக்கும், இலை விறைச்சு வெயிலைப் பிடிக்கும், எரிபந்தம் மாதிரி இலையைக் கருக்கிற நோய் வந்தாலும் கெதியா உள்ளுக்குப் போகேலாது, மண்ணிலை இருக்கிற கொஞ்சநஞ்சப் பசளையையும் பயிர் வீணாக்காமல் எடுக்கும். நாங்கள் என்ன செய்யிறம்? உமியை எரிச்சுப்போட்டுச் சாம்பலைக் கொண்டுபோய் றோட்டுக் குழியிலை கொட்டுறம். வயலின்ரை சொத்து றோட்டிலை கிடக்குது, வயல் வெறும் வயித்தோடை கிடக்குது. அந்தச் சாம்பலைத் திருப்பி வயலுக்குக் கொண்டுபோனால் என்ன எண்டதுதான் என்ரை ஆராய்ச்சி.

மணல் கதை

புத்தூரிலை ஏழு பேரிட்டை வயல் கேட்டன். ஒருத்தர் படலையைத் திறக்காமலே கதைச்சு அனுப்பினார். இன்னொருத்தர் ஒரு பரப்பு நிலம் தரலாம் எண்டு தலையாட்டினவர், உரமில்லை சாம்பல்தான் எண்டு விளங்கினவுடனை அவருக்கு அவசரமா ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டி வந்திட்டுது. எட்டாவது ஆள் தவமணியக்கா. முப்பத்தெட்டு வயது இருக்கும். அவவின்ரை மனிசன் கொழும்பிலை ஒரு கடையிலை நிண்டவர், சண்டையாலை பாதை பூட்டினதோடை அங்கையே நிண்டு போனார். மாமியையும் ரண்டு பெட்டையளையும் வைச்சுக்கொண்டு ஆறு பரப்பு வயலைத் தனிய விதைக்கிறவ. நான் போகேக்கை வரம்பு கட்டிக்கொண்டு நிண்டவ, மண்வெட்டியைக் கீழை வைக்காமலே கேட்டா, சிலிக்கன் எண்டால் என்ன எண்டு. மணலிலை இருக்கிற அதே சாமான்தான் எண்டன். அதுதான் நான் விட்ட முதல் பிழை. குனிஞ்சு ஒரு பிடி மணலை அள்ளி என்ரை முகத்துக்கு நேரை பிடிச்சா. தன்ரை வயலிலை உது தாராளமாக் கிடக்குது, பேந்தேன் ஊரைச் சுத்திக் காவிக்கொண்டு வாறீர் எண்டு கேட்டா.

எனக்கு வாதாடுறதெண்டால் சோறு தண்ணி தேவையில்லை. மணலிலை இருக்கிறது இறுகிப்போன சிலிக்கன், வேராலை அதைத் தொடவும் ஏலாது, தண்ணியிலை கரையிற பதத்திலை இருக்கிறதைத்தான் பயிர் குடிக்கும் எண்டு அரை மணித்தியாலம் கத்தினன். அவவும் விடேல்லை. கடைசியாத்தான் உள்ள கதையைச் சொன்னா. போன மார்கழி மழைக்கு அவவின்ரை மொட்டைக்கறுப்பன் நெல்லு முழுக்கச் சாஞ்சு, கதிர் தண்ணிக்குள்ளை கிடந்து முளைச்சுப் போச்சு. அந்த நெல்லு விக்கிற நெல்லில்லை, நாலு பேர் வருசம் முழுக்கச் சாப்பிடுற நெல்லு. அஞ்சு மாசம் மரவள்ளிக்கிழங்கோடை இருந்திருக்கினம். இந்த முறையும் சாஞ்சால் கிழங்குக்கும் வழியில்லை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டு, பாதி வயலை எடும் எண்டா. நான் நன்றி சொல்ல வாயைத் திறக்க, அவ மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு சொன்னா: "நன்றியை விடும் பிள்ளை. என்ரை நெல்லுச் சாஞ்சால் ஒரு வருசத்துக்கு எங்கடை வீட்டிலை வந்து நீர்தான் சமைக்க வேணும்."

நாகரத்தினத்தாரின்ரை நெருப்பு

சாம்பல் எங்கடை ஊரிலை, நெல்லியடியிலை, ஒரு சின்ன நெல்லு மில்லிலை எடுக்கிறதாக ஒழுங்கு. அங்கை நெல்லு அவிக்கிற அடுப்பைப் பாக்கிறவர் நாகரத்தினத்தார். உமியைத் தள்ளுறதும் சாம்பலை வாருறதும் அவரின்ரை வேலை. குவிஞ்சு கிடந்த சாம்பல் சாம்பல் நிறமும் கறுப்புமாக் கிடந்தது. நான் உது சரிவராது, தூய வெள்ளையா வேணும் எண்டன். புத்தகத்திலை அப்பிடித்தான் கிடந்தது: கரி எல்லாம் எரிஞ்சு போனால் சாம்பல் வெளுக்கும், வெளுத்த சாம்பலிலைதான் சிலிக்கன் கூட. நான் அந்த வரியை வாசிச்ச சந்தோசத்திலை புத்தகத்தை மூடினனான். அவர் ஒருக்கால் சொல்லிப் பாத்தார், வெளுத்த சாம்பலை இஞ்சை ஒருத்தரும் பானை விளக்கவும் எடுக்கிறேல்லை, கீறிப்போடும் எண்டு. பானை விளக்க வந்தனானோ எண்டு கேட்டன்.

ஆனால் அந்த மனிசன் வேலை செய்த வடிவை நீங்கள் பாத்திருக்க வேணும். மூண்டு நாள், அவிக்கிற வேலை முடிஞ்ச பிறகு, சாம்பலைத் திருப்பி அடுப்புக்குள்ளை தள்ளி, காத்துக் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, நீட்டுக் கம்பியாலை கிளறிக்கொண்டு நிண்டார். எங்கடை ஆய்வுகூடத்திலை சூடு பாக்கிற கருவி உடைஞ்சு ஒரு வருசமாச்சு, இவர் செங்கல்லின்ரை நிறத்தைப் பாத்து இப்ப காணாது, இப்ப காணும் எண்டு சொல்லுறார். புருவமும் பாதி பொசுங்கிப் போச்சு. கடைசியிலை வெளியிலை வந்தது பால் மாதிரி வெள்ளை, அங்கங்கை மெல்லிய ரோசா நிறம், கையிலை எடுத்தால் நறநற எண்டுது. நான் பூரிச்சுப் போய் நிண்டன். அவர் சால்வையாலை முகத்தைத் துடைச்சுக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, உதைக் கோயிலிலை குடுத்தால் சனம் நெத்தியிலை பூசும், நீர் மெய்யாத்தான் சேத்துக்குள்ளை கொட்டப் போறீரோ?"

சென்றியிலை ஒரு மாணவன்

ரண்டு உரப்பாக் நிறையச் சாம்பல், பின் கரியரிலை ஒண்டு, நடு பாருக்குக் குறுக்காலை ஒண்டு. புத்தூருக்குப் போற வழியிலை வல்லை வெளியிலை காத்துக்கு எதிரா உழக்கினது எப்பிடி எண்டு உழக்கினவைக்குத் தெரியும், மற்றவைக்குச் சொல்லி விளங்காது. வெளி தாண்டினவுடனை சென்றியிலை, துவக்கோடை காவல் நிக்கிற இடத்திலை, இயக்கப் பெடியள் மறிச்சிட்டினம். நிண்டவருக்கு என்னை விட நாலைஞ்சு வயது குறைவா இருக்கும். பாக்கை அவிட்டு, விரலாலை தொட்டு, மணந்து பாத்து, உது என்ன வெடிமருந்து எண்டு கேட்டார். வெயிலிலை வந்த எனக்குக் கோவம். மருந்தில்லை, சாம்பல் எண்டு சொல்லிப்போட்டு அதோடை நிப்பாட்டியிருக்கலாம். நான் சிலிக்கனிலை தொடங்கி, வேர் எப்பிடி அதைக் குடிக்குது, இலையின்ரை தோலிலை எப்பிடி அது படியுது, தண்டு ஏன் சாயிறேல்லை எண்டு முழுப் பாடத்தையும் நடத்தினன்.

ஒண்டு சொல்ல வேணும், என்ரை வகுப்பிலை ஒருத்தரும் என்னை அவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டதில்லை. இவர் இடையிலை ஒரு கேள்வியும் கேக்காமல், தலையை ஆட்டி ஆட்டி, கடைசி வரியும் முடியும் மட்டும் கேட்டார். பேந்து பாக்கின்ரை வாயைத் தானே வடிவாக் கட்டித் தந்தார். நான் சைக்கிளிலை ஏற, கிட்ட வந்து குரலைத் தணிச்சுக் கேட்டார்: "அதெல்லாம் விளங்குது அக்கா, ஆரின்ரை சாம்பல்?"

ஒரு கடகம் குறைஞ்சது

புரட்டாசியிலை விதைப்பு. பாதி வயலுக்கு, அதாவது மூண்டு பரப்புக்கு, வெள்ளைச் சாம்பல் வீசி, மற்றப் பாதியைச் சும்மா விடுறது எண்டு கணக்கு. ரண்டையும் ஒப்பிட்டுப் பாத்தால்தான் ஆராய்ச்சி. நான் கயிறு பிடிச்சு, தடி நட்டு, கொப்பியிலை படம் கீறி, பெரிய எஞ்சினியர் மாதிரி நிண்டன். வரம்போரம் ஒரு ஒடுங்கின துண்டு மிச்சம் இருக்க, சாம்பல் முடிஞ்சு போச்சு. ஒரு ஓலைக்கடகம் குறைவு. நாளைக்கு நெல்லியடிக்குப் போய்க் கொண்டாறன் எண்டு சொல்லிப்போட்டுத் தண்ணி குடிக்கக் கிணத்தடிக்குப் போனன். திரும்பி வரேக்கை தவமணியக்கா தன்ரை குசினி உமியடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து அந்தத் துண்டுக்கு வீசி முடிச்சுப்போட்டா. மண்ணெண்ணெய் இல்லாத காலம், எல்லா வீட்டிலையும் உமியடுப்புத்தான். உமியை இறுக்கி அடைச்சால் நாள் முழுக்க மெல்ல மெல்லப் புகைஞ்சு எரியும். மிஞ்சிற சாம்பல் காகம் மாதிரிக் கறுப்பு.

நான் துள்ளின துள்ளு புத்தூர்ச் சந்தி மட்டும் கேட்டிருக்கும். என்ரை வெள்ளைப் பரப்புக்குள்ளை கறுப்பைக் கலந்து போட்டீங்கள், இனி என்னத்தை அளக்கிறது, என்ரை ஆராய்ச்சியைப் பாக்கிற சேருக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு கத்தினன். அவ கடகத்தைக் கவிட்டுத் தட்டி, உள்ளுக்கு ஒட்டிக் கிடந்ததையும் வயலுக்கே விழுத்தினா. ஒரு துண்டு நிலம் சும்மா பாத்துக்கொண்டு இருக்க மற்றதெல்லாம் சாப்பிட்டால் அவவுக்கு மனம் கேக்காதாம். பேந்து என்னை மேலையும் கீழையும் பாத்துச் சொன்னா: "சாம்பலிலையும் சாதி பாக்கிறீரோ?"

துரையண்ணையின்ரை பச்சை

பக்கத்து வயல் துரையண்ணைக்கு எங்கையிருந்தோ அரைப் பாக் யூரியா கிடைச்சிட்டுது. எங்கை எண்டு கேட்டால் சிரிப்பார். ஐப்பசி மழையோடை அவரின்ரை வயல் ஒரு கரும்பச்சைக்குப் போச்சு பாருங்கோ, றோட்டாலை போன சனம் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்தது. எங்கடை வயல் மாட்டெருவும் பூவரசங்குழையும் தாட்டது மட்டும்தான், வெளிறின பச்சை. அதைவிட எரிச்சல், வெள்ளைச் சாம்பல் போட்ட பாதிக்கும் போடாத பாதிக்கும் ஒரு வித்தியாசத்தையும் காணேல்லை. நான் கிழமைக்கு ரண்டு தரம் போய் அடிக்கோலாலை உயரம் அளந்து கொப்பியிலை எழுதி, எழுதினதைப் பாத்து எனக்கு நானே பல்லைக் கடிச்சன். துரையண்ணை வரம்பிலை நிண்டு பீடியைப் பத்த வைச்சுக்கொண்டு மெத்த அக்கறையாக் கேட்டார்: "பிள்ளை, உம்மடை நெல்லுக்கு என்ன, காய்ச்சலோ?"

கையை வெட்டின இலை

ஐப்பசிக் கடைசியிலை களை பிடுங்கினம். தவமணியக்கா முழங்கையைத் தூக்கிக் காட்டினா, மெல்லிய மெல்லிய கீறல், ரத்தம் கசிஞ்சு கிடந்தது. வரம்போரத்து நெல்லு மட்டும் அரம் மாதிரி வெட்டுது, மற்ற இடத்திலை ஒண்டும் செய்யேல்லை எண்டா. முறைப்பாடாச் சொல்லேல்லை, ஒரு விசயத்தைக் கண்ட மாதிரிச் சொன்னா. நான் அடிக்கோலை எறிஞ்சுபோட்டுக் கையாலை பாத்தன். வரம்போரத்து இலை ஒண்டை நுனியிலிருந்து அடிப் பக்கமா உருவினன், விரலிலை சுரீர் எண்டுது. அடுத்தது வெள்ளைச் சாம்பல் நெல்லு, வழுவழு. போடாதது, அதுவும் வழுவழு. இலையிலை சிலிக்கன் ஏறினால் கை வெட்டும் எண்டு எனக்குப் புத்தகத்திலை தெரியும். அவவுக்குத் தோலிலை தெரிஞ்சுது. சரிஞ்சு பாத்தால் இன்னொண்டும் தெரிஞ்சுது, அந்த ஒடுங்கின துண்டிலை மட்டும் இலையெல்லாம் ஈட்டி மாதிரி மேலை பாத்துக்கொண்டு நிண்டுது, மற்றதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டுது. என்னைக் கத்த வைச்ச அந்தக் கறுத்தத் துண்டு.

வெள்ளைச் சாம்பலிலை ஒரு பிடியும் அந்த உமியடுப்புச் சாம்பலிலை ஒரு பிடியும் பொட்டலம் கட்டிக்கொண்டு சேரிட்டை ஓடினன். எங்கடை சேர் சத்தம் போட்டுக் கதைக்கிற ஆளில்லை, என்னை மேய்க்க வேணும் எண்டு அவருக்குத் தலைவிதி. வெள்ளையை விரலுக்குள்ளை வைச்சு நெரிச்சுப் பாத்தார். உமி மெல்லப் புகைஞ்சு எரிஞ்சால் அதுக்குள்ளை இருக்கிற சிலிக்கன் கரையிற பதத்திலை கிடக்கும், கடுஞ் சூட்டிலை வெளுக்க வெளுக்க எரிச்சால் இறுகிப் போகும், கரையாது எண்டார். புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் மூடின பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலை, கொட்டை எழுத்திலை கிடந்தது. பேந்து, வழக்கம் போலக் குரலை உயத்தாமல் சொன்னார்: "நீர் மூண்டு நாள் பாடுபட்டுச் சாம்பலை மணலாக்கி, அதை மணலிலை கொட்டியிருக்கிறீர்."

பல்லா, நெல்லா

சேரின்ரை ஆலோசனை, இப்பிடியே விட்டு எழுதும் எண்டது. வெள்ளைச் சாம்பலாலை பயன் இல்லை, கறுப்பாலை இருக்கும் போலக் கிடக்கு, அதுவும் ஒரு முடிவுதானே, பட்டத்துக்குக் காணும், வயலிலை இடையிலை கை வைச்சால் ஆராய்ச்சி குழம்பிப் போகும் எண்டார். எனக்கு அப்ப வந்த கோவத்தை இப்ப நினைச்சாலும் பயமாக் கிடக்கு. பட்டத்துக்குக் காணும், நாலு பேருக்குக் காணுமோ எண்டு அவரின்ரை மேசையிலை தட்டிக் கேட்டுப்போட்டு வெளிக்கிட்டு வந்திட்டன். நெல்லுக்குச் சிலிக்கன் ஆகக் கூடத் தேவைப்படுறது குடலை கட்டிற நேரம், அதாவது தண்டுக்குள்ளை கதிர் உருவாகத் தொடங்கிற நேரம். அதுக்குள்ளை கறுத்தச் சாம்பல் போட்டாக வேணும், ரண்டு கிழமையும் இல்லை.

தவமணியக்காவிட்டைப் போய் உள்ளதைச் சொன்னன். நான் பிழை விட்டிட்டன், உங்கடை வயலிலை நான் போட்டது ஒண்டுக்கும் உதவாது எண்டு. என்ரை சீவியத்திலை அப்பிடி ஒரு வசனத்தை நான் சொன்னது அதுதான் முதல் தரம். அவ ஏசுவா எண்டு காத்துக்கொண்டு நிண்டன். அவ கேட்டது ஒண்டே ஒண்டு, எத்தனை கடகம் வேணும் எண்டு. அடுத்த நாள் தொடங்கி ரண்டு பேரும் சாக்கோடை வீடு வீடா ஏறினம். உமியடுப்பு இல்லாத வீடில்லை, சாம்பல் இல்லாத வீடில்லை, ஆனால் தாறதெண்டால் கை வரவேணுமே. அந்தச் சாம்பலாலைதான் ஊர் முழுக்கப் பல்லு விளக்கிறது, பற்பசை என்ன விலை எண்டு உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான ஆக்கள் தந்தவை. தவமணியக்கா ஒரு வீட்டிலையும் கெஞ்சேல்லை, ஒரு வீட்டிலையும் சண்டை பிடிக்கேல்லை, காரணத்தை நாலு வசனத்திலை சொன்னா. நான் அரை மணித்தியாலத்திலை சொன்னதை விட வடிவா இருந்தது. ஒரு வீட்டிலை மட்டும் ஒரு அம்மா சாம்பல் பானையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு, முன்னுக்கு இருந்த மூண்டு பல்லையும் காட்டிச் சொன்னா: "இருக்கிற பல்லுப் போனால், அந்த நெல்லு விளைஞ்சு எனக்கென்ன பிள்ளை?"

வெறுமையா விட்ட ஒரு பரப்பு

சாம்பல் சேந்திட்டுது. கார்த்திகை தொடக்கத்திலை, இலையிலை ஈரமில்லாத ஒரு நாளாப் பாத்து, சேத்துத் தண்ணிக்குள்ளை இறங்கி நிண்டு, கடகத்தாலை அள்ளி அள்ளி வீசினம். ரண்டு பேரும் தலையிலையிருந்து கால் மட்டும் அட்டைக்கரி. என்ரை கொப்பியை நான் வரம்பிலை கூட வைக்கேல்லை, வீட்டிலையே விட்டிட்டு வந்தனான். ஆராய்ச்சி செத்துப் போச்சு எண்டு எனக்கு முடிவு. அஞ்சு பரப்பு முடிஞ்சு வெள்ளைச் சாம்பலும் படாத ஆறாவதுக்கு நான் கடகத்தைத் தூக்க, தவமணியக்கா கையைப் பிடிச்சு மறிச்சா. அந்த ஒரு பரப்புக்கும் போட வேண்டாமாம்.

எனக்கு விளங்கேல்லை. சாம்பல் கிடக்குது, குறைவில்லை. பேந்து கத்தத் தொடங்கினன், உது உங்கடை சாப்பாடு, என்ரை பட்டத்துக்காக எண்டால் எனக்கு உந்தத் தியாகம் ஒண்டும் வேண்டாம், சேரோடையும் நான் அதுக்குத்தான் சண்டை பிடிச்சனான் எண்டு. அவ என்னைக் கத்த விட்டிட்டு, வாய்க்காலிலை கையைக் கழுவிக்கொண்டு நிண்டா. அவவுக்கு என்ரை பட்டத்தைப் பற்றி ஒரு யோசினையும் இல்லை. போன மார்கழி மழை தன்னை ஏமாத்திப் போட்டுது, இந்த முறை ஏமாந்தாலும் ஏன் எண்டு தெரிஞ்சு ஏமாற வேணுமாம். ஒரு பரப்பு நெல்லு எண்டால் அந்த வீட்டுக்கு ரண்டரை மாசச் சோறு. அதை அறிஞ்சுகொண்டுதான் விடுறா. நான் படிச்ச ஒப்பீடு, கட்டுப்பாடு எண்ட பெரிய பெரிய சொல்லெல்லாம் இருக்கட்டும், அவ சொன்னது இதுதான்: "எல்லாத்துக்கும் போட்டால், நெல்லு நிண்டது சாம்பலாலையோ பிள்ளையாராலையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியிறது?"

மார்கழி

மழை வந்தது. மூண்டு நாள் விடாமல் பெய்ஞ்சு, மூண்டாம் நாள் காத்தும் சேந்து, நெல்லியடியிலை எங்கடை வீட்டு வேலி முழுக்கச் சரிஞ்சு ஒழுங்கையிலை கிடந்தது. வேலியே படுத்திட்டுது, நெல்லு நிக்குமோ? கதிரெல்லாம் பால் பிடிச்சுப் பாரமா நிக்கிற நேரம். நாலாம் நாள் விடிய, மழை விட்டும் விடாமலும் தூற, வல்லை வெளியாலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தன், ஏறி உழக்கேலாது. வழி முழுக்க ரண்டு பக்கமும் வயல் பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தது. நான் சமைக்கத் தெரியாத ஆள். அந்த நடையிலை நான் யோசிச்சதெல்லாம் நாலு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடுறது எண்டதுதான்.

துரையண்ணையின்ரை கரும்பச்சை முதல்லை கண்ணிலை பட்டுது. முழுக்கத் தண்ணிக்குள்ளை. யூரியாவிலை கிடுகிடு எண்டு உயந்த தண்டு, உள்ளுக்கு வலு இல்லை, இடையிலை முறிஞ்சு கிடந்தது. அவர் வரம்பிலை குந்திக்கொண்டு இருந்தார், பீடியும் இல்லை. அவரைத் தாண்டிப் பாத்தன். தவமணியக்காவின்ரை வயலிலை வெறுமையா விட்ட பரப்பு அப்பிடியே தட்டையாப் படுத்துக் கிடந்தது. மற்ற அஞ்சும் நிண்டுது. எல்லாம் நேரை நிண்டுது எண்டு பொய் சொல்ல மாட்டன். பள்ளப் பக்கத்து மூலை அரைவாசி சரிஞ்சுதான் இருந்தது, முந்தி வெள்ளைச் சாம்பல் போட்ட பக்கத்திலை அங்கங்கை வளைவு. வரம்போரத்துத் துண்டு, விதைக்கேக்கையே கறுப்புச் சாம்பல் சாப்பிட்ட துண்டு, ஒரு தண்டும் அசையேல்லை. தவமணியக்கா முழங்கால் தண்ணிக்குள்ளை நிண்டு, விழுந்த பரப்பிலை எழுப்பக்கூடியதை அஞ்சஞ்சு தண்டாச் சேத்துக் கட்டிக்கொண்டு இருந்தா. கட்டினது பாதி திரும்பியும் விழுந்தது. நானும் இறங்கினன். அவ தண்டைச் சேத்துத் தர, நான் கட்டினன்.

தையிலை வெட்டி, சூடு அடிச்சு, தூத்தி அளந்தம். வீட்டுக்கு அடுத்த தை மட்டும் காணும், விதைக்கும் எடுத்து வைச்சா. விழுந்த பரப்பிலை வந்தது பாதி முளைச்சுக் கிடந்தது, அது கோழிக்குப் போச்சு. சாஞ்ச வயல்காரர் எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து விசாரிக்கத் தொடங்கிச்சினம், என்ன சாம்பல், எப்ப போடுறது, எவ்வளவு எண்டு. துரையண்ணையும் வந்தார், சிரிப்பில்லாமல். நான் கொப்பியைத் திறந்து விளங்கப்படுத்த வெளிக்கிட, தவமணியக்கா முந்திப்போட்டா. கறுத்தச் சாம்பல், விதைப்பிலை ஒருக்கால், குடலைக்கு முந்தி ஒருக்கால் எண்டு சொல்லி, கடைசியா எல்லாரையும் பாத்து ஒரு சட்டமும் போட்டா: "ஆனால் ஆளுக்கு ஒரு துண்டு வெறுமையா விட்டுத்தான் போட வேணும். என்ரை வாயை நம்பி ஒருத்தரும் போடாதேங்கோ."

வளாகத்திலை நாலு வருசம் சண்டை பிடிச்சுப் படிச்சதிலை நான் கண்ட முடிவு, ஆராய்ச்சி செய்யத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்கிறவைக்குத்தான் பட்டம் குடுக்கினம், செய்யிறவைக்கு நெல்லு மட்டும்தான்.